ஒலிநாடாப் பேழைகளில் இரைச்சல் களைதல்

தோற்றுவாய்

எழுத்து ஏட்டில் நிற்கும். குரலோ பிறந்த கணத்திலேயே காற்றிற் கரைந்து மறையும். அவ்வாறு மறையும் குரலைப் பிடித்து வைத்து மீண்டுங் கேட்கும் வழியை 1877-ஆம் ஆண்டில் எடிசன் கண்டார். அதன்பின் தோன்றிய ஒலிப்பதிவுச் சாதனங்கள் பல. அவற்றுள் நம் நாட்டுச் சிற்றூர்களில் எளியோர் வீட்டினுள்ளும் புகுந்தது, கேஸட்டு என்று நாம் வழங்கும் ஒலிநாடாப் பேழையே. பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் என்பார் தலைமையில் ஆக்கப்பெற்ற இது, 1963-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து ரேடியோக் கண்காட்சியில் முதன்முதல் வெளிப்போந்தது.

இசைத்தட்டிற்கும் கேஸட்டிற்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. இசைத்தட்டில் வல்லார் பாட நாம் கேட்டோம். கேஸட்டிலோ நம் வீட்டாரும் பாடினர். திருமண வாழ்த்து, பாட்டியின் தாலாட்டு, குழந்தையின் மழலை, கோயில் திருவிழாவின் உடுக்கடிப் பாட்டு, ஆலயப் பாடகர் குழுவின் கீர்த்தனை ஆகியன எல்லாம் அச்சிறு பேழையில் அடங்கின. எங்கள் திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளிலும் விசைத்தறிக் கொட்டகைகளிலும் இராமுழுதும் கண்விழித்து உழைத்தோர்க்குத் துணையாயிருந்ததும் அதுவே.

அப்பேழைகள் இன்று பரண்மீது கிடக்கின்றன. அவற்றிலுள்ள ஒலியை எண்வடிவாக்கிக் கணினியிற் சேமிக்க முயல்வார்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் இரைச்சலாகும். அதனை எவ்வாறு களைவது, எத்துணைக் களைவது, எதனைக் களையாது விடுவது என்னும் மூன்றினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரைச்சலின் வகை

இரைச்சல் என்று பொதுப்படக் கூறினும் அது மூவகைப்படும். முதலாவது, நாடாவின் இயல்பாற் பிறக்கும் சீற்றம். இரண்டாவது, நாடாவை இயக்கும் கருவியாலும் மின்னோட்டத்தாலும் பிறக்கும் உறுமல், தடுமாற்றம் முதலியன. மூன்றாவது, பாடினவர் பாடியபோது அவரைச் சூழ்ந்திருந்த இடத்தின் ஓசை. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்தாற் போக்க முயல்வதே தொடக்கத்தார் செய்யும் பிழை. யானும் அப்பிழை செய்தேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நாடா சீறுவது ஏன்?

ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டைமீது இரும்பு ஆக்ஸைடு போன்ற காந்தப் பொடியைப் பூசியதாகும். ஒலியலைகள் மின்னலைகளாக மாறி, ஹெட்டு எனப்படும் காந்த முனையின் வாயிலாக அப்பொடியிற் பதிகின்றன. பொடியின் துகள்கள் எண்ணற்றவை. ஆயினும் அவை தனித்தனித் துகள்களே. மணல் பரப்பிய தரையில் விரலாற் கோடிழுத்தால் கோட்டின் ஓரம் மணிமணியாகச் சொரசொரப்பதுபோல, நாடாவிற் பதிந்த ஒலியின் அடியிலும் ஒரு சொரசொரப்பு நிற்கின்றது. அதுவே நம் செவிக்கு இடையறாத 'ஸ்ஸ்' என்னும் சீற்றமாகக் கேட்கின்றது.

ஹெட்டினைக் கடக்கும் துகள்கள் எவ்வளவு மிகுமோ அவ்வளவு சொரசொரப்புக் குறையும். இசைப்பதிவுக் கூடங்களிற் பயன்பட்ட பெருநாடா 6.35 மில்லிமீட்டர் அகலமுடையது. நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவது. கேஸட்டின் நாடாவோ 3.81 மில்லிமீட்டர் அகலமே உடையது. அக்குறுகிய அகலத்திலும் ஸ்டீரியோப் பதிவாயின் பக்கத்திற்கு இரண்டாக நான்கு தடங்கள் அமைதல் வேண்டும். அதன் வேகமோ நொடிக்கு 4.76 சென்டிமீட்டர், அஃதாவது பெருநாடாவின் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே கேஸட்டின் சீற்றம் பழுதன்று. பேழை சிறிதாதல் வேண்டி நாம் கொடுத்த விலை என்க.

படியெடுக்குந்தோறும் இச்சீற்றம் பெருகும். ரிக்கார்டிங் கடைகளில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்து வெற்றுக் கேஸட்டில் பதிந்து வாங்கிய காலத்தை மூத்தோர் மறவார். மூலப் பேழையின் சீற்றத்தோடு படியின் சீற்றமும் ஒத்த அளவிற் கூடினால் இரைச்சலின் ஆற்றல் இருமடங்காகும். டெசிபெல் கணக்கில் 3 உயரும். ஆதலின் ஒரே பாட்டிற்குப் பல பேழைகள் இருப்பின் மூலத்திற்கு மிக அணுகியதனைத் தேடி எடுத்தலே முதற்கடன்.

இச்சீற்றத்தை அடக்கப் பதிவின்போதே ஒரு வழி வகுத்தவர் ரே டால்பி என்னும் அமெரிக்கர். அவர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோவின் தொழில்நுட்ப ஆலோசகராக நம் இந்தியாவிற் பணியாற்றியவர் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி. இங்கிருந்து சென்று 1965-இல் லண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். மெல்லிய உயரொலிகளைப் பதியும்போது உயர்த்தி, கேட்கும்போது அதே அளவிற்குத் தாழ்த்துவது அவர் முறை. தாழ்த்தும்போது நாடாவின் சீற்றமும் உடன் தாழும். வீட்டுக் கருவிகளுக்கென 1968-இல் அவர் அமைத்த டால்பி பி முறை, சீற்றத்தை ஏறக்குறைய 10 டெசிபெல் குறைக்க வல்லது. ஆயினும் ஒன்று நினைவிற் கொள்க. டால்பி முறையிற் பதிந்த பேழையை டால்பியுடனும், அவ்வாறு பதியாததனை அஃது இன்றியும் ஓட்டுதல் வேண்டும். மாற்றி ஓட்டினால், முன்னதில் ஒலி கூசும். பின்னதில் ஒலி மங்கும்.

நோய் முதல் நாடுதல்

கணினி இருக்கின்றதே என்று கருவியைக் கவனியாது விடுவது, ஊற்றை அடைக்காமல் தண்ணீரை இறைப்பதாகும். பேழையை இயக்குமுன் செய்யவேண்டுவன சில உள.

முதற்கண், பேழையின் முதுகுப்புறத்திலுள்ள இரு சிறு தடுப்புகளை உடைத்துவிடுக. தவறுதலாக மேலே வேறொன்று பதிந்துவிடாமல் அது காக்கும். நாடாவில் வெண்ணிறப் பூஞ்சை தென்பட்டால் ஓட்டவே கூடாது. அறிந்தார் கையில் ஒப்புவித்தல் நலம். நாடாவை ஹெட்டுடன் அணைக்கும் சிறு மெத்தை உதிர்ந்திருந்தால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். நாடாவை வேறு நல்ல கூட்டிற்கு மாற்றுதல் வேண்டும். நெடுநாள் ஓடாத நாடாவை ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பின் ஓட்டுதல் நன்று.

அடுத்து, ஹெட்டில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொடியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சாலே துடைக்க. மாசு படிந்த ஹெட்டு உயரொலிகளை விழுங்கும்; கேட்பவர் அவற்றை மிகைப்படுத்த முயல்வர்; அப்போது சீற்றமும் உடன் மிகும். எங்கள் பக்கத்தில் பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லையாதலின் இவ்வேலையை ஒவ்வொரு பேழைக்கும் செய்தல் தகும்.

பின்னர், ஹெட்டின் நிமிர்வைச் சரிசெய்தல் வேண்டும். ஹெட்டிலுள்ள நுண்ணிய பிளவு நாடாவின் ஓட்டத்திற்குச் செங்குத்தாக நிற்றல் வேண்டும். பதிந்த கருவியில் அது சற்றே சாய்ந்திருப்பின் கேட்கும் கருவியிலும் அதே சாய்வு வேண்டும். இன்றேல் உயரொலிகள் மங்கும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகக் கேட்குமிடத்தில் நிறுத்துக. மென்பொருள் எதனாலும் பின்னர் முற்றும் ஈடுசெய்யவொண்ணாத நலம் இவ்வொரு திருகிற் கிடைக்கும்.

இனி உறுமல். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது. ஆதலின் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 முதலியவற்றிலும் ஓர் அடியுறுமல் பதிவிற் புகும். டேப் ரிக்கார்டரும் கணினியும் வெவ்வேறு மின்னிணைப்பில் நின்று, இடையே கம்பியாலும் பிணைக்கப்படும்போது இது மிகும். யான் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் இயக்கினேன். உறுமல் அப்பொழுதே நின்றது. காசு செலவில்லாத மருந்து! எஞ்சும் உறுமலை அவ்வதிர்வெண்ணில் மட்டும் மிகக் குறுகலாக வெட்டிக் களையலாம். அகல வெட்டினால் ஆண்குரலின் அடித்தளமும் உடன் போம்.

ஒலியை ஸ்பீக்கர்முன் மைக்கு வைத்துப் பிடியாது, லைன் அவுட் துளையிலிருந்து கம்பி வழியே கணினிக்குக் கொணர்க. நொடிக்கு 48,000 மாதிரிகளும் ஒவ்வொரு மாதிரிக்கு 24 பிட்டும் குறைந்த அளவாகக் கொள்க. இது பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தார் வகுத்த அளவு. 60 நிமிடப் பேழை ஒன்று இவ்வளவில் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் இடம் பிடிக்கும். மிக உரத்த இடத்திலும் அளவுமுள் உச்சத்தைத் தொடாதிருத்தல் வேண்டும். உச்சந் தொட்டு நசுங்கிய ஒலி மீளாது. இவ்வாறு கிடைத்த கோப்பினை மூலப்படியாக வைத்து அதன்மேற் கைவையாதிருக்க. திருத்தமெல்லாம் படியின்மீதே செய்யத்தக்கது.

கணினி களையும் முறை

ஆடாசிட்டி என்னும் மென்பொருள் 2000-ஆம் ஆண்டு முதல் யாவர்க்கும் விலையின்றிக் கிடைப்பது. அதில் இரைச்சல் குறைக்கும் முறை பின்வருமாறு. பாட்டு இல்லாது இரைச்சல் மட்டும் உள்ள ஓரிடத்தை நாம் முதலிற் காட்டுகின்றோம். எவ்வொலியையும் பல அதிர்வெண்களின் கூட்டாகப் பகுக்கலாம் என்னும் உண்மையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிற் பயன்படுத்தினார். அவ்வுண்மையைக் கொண்டே கணினி, இரைச்சல் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எத்துணை வலிமையுடையது என்று அளந்து வைத்துக்கொள்கின்றது. பின்னர்ப் பாட்டு முழுவதையும் நொடியின் சிறு கூறுகளாக நறுக்கி, கூறுதோறும் ஒவ்வோர் அதிர்வெண்ணையும் அவ்வளவோடு ஒப்பிடுகின்றது. அளவை விஞ்சி நிற்பதைப் பாட்டென்று விடுகின்றது. விஞ்சாததை இரைச்சலென்று தாழ்த்துகின்றது.

இம்முறையின் வன்மை எதுவோ அதுவே அதன் குறையும் ஆகும். கணினிக்குப் பொருள் தெரியாது, அளவே தெரியும். ஆகவே இரைச்சலைப்போல மெலிந்து நிற்கும் பாட்டின் பகுதிகளும் வெட்டுண்ணும். தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துக்கள் நாவும் பல்லும் இதழும் அண்ணமும் கூடிப் பிறக்கும் விதத்தை வகுத்துரைத்தார். 'ஆசை', 'பசி' என்னுமிடத்துச் சகரம் பல்லிடை உராயும் மூச்சாகவே ஒலிக்கின்றது. அதன் ஒலிக்கூறுகள் நாடாச் சீற்றம் நிற்கும் அதே உயரதிர்வெண்களில் நிற்பன. சீற்றத்தை வேரோடு பிடுங்கினால் சகரமும் உடன் வரும். வல்லெழுத்துக்களின் வெடிப்பும், அடி முடிவில் பாடுவோர் விடும் மூச்சும் மழுங்கும்.

இசையிலும் ஓர் இடையூறு உண்டு. தம்புராவின் நாதம் இடையறாது ஒரே சீராக ஒலிப்பது. கணினியின் கண்ணுக்கு அதுவும் இரைச்சலே. கச்சேரி தொடங்குமுன் தம்புரா மட்டும் மீட்டும் இடத்தை மாதிரியாகக் காட்டினோமாயின், சுருதியையே களைந்துவிடுவோம்.

மிகுதியாகக் களைந்தால் மற்றுமொரு தீங்கு விளையும். இரைச்சலின் எச்சங்கள் ஆங்காங்கே தனித்தனித் துளிகளாய்த் தோன்றி மறைந்து, நீர்க்குமிழி வெடிப்பதுபோன்ற செயற்கை ஒலியை எழுப்பும். இஃது இயற்கைச் சீற்றத்தினும் கொடிது. சலவைப்பட்டறையில் துணியை வெளுப்பார் இதனை நன்கறிவர். மருந்து அளவோடு சேர்ந்தால் துணி வெளுக்கும். மிஞ்சினால் நூல் இற்றுப்போம்.

ஆதலின் 6 முதல் 12 டெசிபெல் வரை குறைத்தலே பெரும்பாலும் சாலும். களையப்பட்ட பகுதியை மட்டும் தனியே கேட்கும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு. அதனைக் கேட்குங்கால் வெறுஞ் சீற்றமே கேட்பின் நலம். சொல்லோ சுரமோ கேட்பின் அளவு மிகுந்ததென்று அறிந்து குறைத்துக்கொள்க.

யான் செய்த பிழை

அவிநாசிக்கு அருகேயுள்ள எங்கள் ஊரில், என் அம்மாயியின் தமக்கையார் பாடிய கும்மியும் தாலாட்டும் அடங்கிய பேழை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. 1989 என்று அதன்மேல் மையால் எழுதியிருக்கும். பாடியவர் இன்று இல்லை. அவர் குரலுக்கு வேறு பதிவும் இல்லை. வாசலில் அமர்ந்து பாடியதனால் பக்கத்துக் கொட்டகையிலிருந்த விசைத்தறிகளின் ஓசை பாட்டுக்கு அடியில் ஓயாது ஒலித்தது. தறி ஒன்று நிமிடத்திற்கு நூறு முறைக்கு மேல் அடிக்கும். பல தறிகள் கூடின் அவ்வடிகள் ஒன்றோடொன்று கலந்து மழைபோல் ஒரே இரைச்சலாகும்.

யான் பாட்டுத் தொடங்குமுன் தறியோசை மட்டும் கேட்கும் சில நொடிகளை மாதிரியாகக் காட்டி, 30 டெசிபெல் குறைக்குமாறு கணினிக்குப் பணித்தேன். தறியோசை பெரும்பாலும் நீங்கியது. 'வென்றேன்' என்று மகிழ்ந்து அம்மாயிக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சிறிது நேரம் கேட்டார். "இது எங்கக்கா குரலாட்டமே இல்லையே கண்ணு, கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குது. தறிச் சத்தம் எங்க போச்சு?" என்றார்.

அவ்வினா என்னைச் சுட்டது. தறிகளின் ஓசையும் குரலும் பல அதிர்வெண்களிற் கலந்து நின்றமையால் ஒன்றை வெட்டியபோது மற்றொன்றும் வெட்டுண்டது. அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. தறியோசை நாடாவின் குற்றமன்று. அது பாடிய இடத்தின் மெய்ம்மை. அக்கொட்டகை இன்று இல்லை. தறியோசைக்கு மேலே எழவேண்டியே அவர் குரலை உயர்த்திப் பாடினார் என்பதும், அடியின் வேகத்தோடு கும்மியின் தாளம் சிலவிடத்து ஒன்றியதும், ஓசையை நீக்கியபின் எவ்வாறு விளங்கும்?

மூலக் கோப்பினை அழியாது வைத்திருந்தமையால் மீண்டுந் தொடங்கினேன். பேழை முழுவதையும் கேட்டுவருகையில், நடுவே ஓரிடத்தில் திடீரெனத் தறிகளெல்லாம் நின்றன. "கரண்டு போயிருச்சு" என்று யாரோ கூறும் குரலும் கேட்டது. ரிக்கார்டரோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பாட்டுத் தொடங்குமுன் நான்கு நொடிகள் அமைதி. அவ்வமைதியில் நாடாவின் சீற்றம் மட்டுமே கேட்டது. யான் தேடிய மாதிரி அதுவே. இத்தகைய கருவிகள் அமைதி நீண்டால் ஒலியளவைத் தாமே உயர்த்திக்கொள்ளும் இயல்பின. ஆதலின் அந்நொடிகளின் தொடக்கத்தையே எடுத்துக்கொண்டேன். 8 டெசிபெல் மட்டும் குறைத்தேன். சீற்றம் பின்சென்றது, குரல் முன்வந்தது, தறிகள் தம்மிடத்திலேயே நின்றன.

ஏடும் நாடாவும்

இஃது ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் கண்ட நெறியோடு ஒத்திருத்தல் காண்க. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். எழுதினோர் கைப்பிழை வேறு, புலவர் வாக்கு வேறு என்று பகுத்துணர்தலே அவர் பட்ட பாடு. விளங்காத சொல்லைப் பிழையென்று தள்ளிவிடாது, பிரதிபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டிச் சென்றார். நாடாவின் சீற்றம் ஏடெழுதினோன் பிழைபோல்வது, அதனைக் களையலாம். பாடிய இடத்தின் ஓசை மூலபாடத்தைச் சேர்ந்தது. அதனைக் களைய நமக்கு உரிமை இல்லை. நாம் செய்த திருத்தங்களை, நாளும் அளவும் குறித்து, கோப்போடு எழுதி வைத்தலே நாடாவிற்கு அடிக்குறிப்பு.

எங்கள் வட்டாரத்திலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. இக்காலத் திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயத்திற்கு அருகேயுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்ந்த பிரெண்டா பெக் அம்மையார், கொங்குநாட்டு அண்ணன்மார் கதையை 1965-ஆம் ஆண்டில் ஒலிநாடாவிற் பதிந்தார். ஒரே பாடகர் ஊரார்முன் பாடிய வடிவத்தையும், எழுதிக்கொள்ளச் சொல்லிய வடிவத்தையும் ஒப்பிட்டு, 1982-இல் ஆங்கில நூலொன்றும் வெளியிட்டார். ஊரார்முன் பாடிய கதையும் தனித்துச் சொல்லிய கதையும் ஒன்றல்ல என்பது அவ்வொப்பீட்டால் விளங்குகின்றது. கேட்போரும் சூழலும் கலையின் ஓர் உறுப்பாதலின், அவர்தம் ஓசையும் பதிவில் நிற்றல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின்: மூலத்திற்கு அணுகிய பேழையைத் தேடுக, கருவியைத் தூய்மை செய்து நிமிர்வு காண்க, மூலக் கோப்பினைத் தொடாது காக்க, சீற்றத்திற்கு மட்டும் மாதிரி கொள்க, குறைவாகக் களைந்து, களைந்ததையும் கேட்டுப் பார்க்க, செய்ததை எழுதி வைக்க.

நாடாவின் பூச்சு ஆண்டுதோறும் தளர்கின்றது. நல்ல நிலையிலுள்ள ரிக்கார்டர்களும் அருகி வருகின்றன. ஒருநாள் செய்வோம் என்று எண்ணியிருப்போர்க்கு அந்நாள் வாராமற் போகலாம். ஆதலின் வரும் விடுமுறையில் நண்பர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பரணில் ஒரு பேழையேனும் தேடியெடுப்பாராக. பாடியவரை அறிந்த முதியோர் அருகிருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும். கேட்டது சரியோ தவறோ என்று சொல்ல அவர் செவியினும் சிறந்த அளவுகோல் இல்லை.

இரண்டாம் முறை யான் போட்டுக் காட்டியபோது அம்மாயி கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்தபின், "இப்பத்தான் கண்ணு எங்க வாசல்ல உக்காந்தாப்பல இருக்குது" என்றார்.